கயிறு யார் கையில்?

முல்லைத்தீவுக் கரையில் கடலட்டைப் பேச்சு எழுந்தால் அது அநேகமாக மூன்று கேள்விகளில் போய் நிற்கும். அனுமதிப்பத்திரம் யாருக்கு, படகு எந்த ஊருடையது, இறங்கியது பகலிலா இரவிலா. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். 2018 இல் வடமராட்சி கிழக்கு மருதங்கேணியில் வெளிமாவட்டத்தவர் வாடி அமைத்துக் கடலட்டை பிடித்ததை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கடற்றொழிலாளர் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தின் முன்னால் திரண்டார்கள். நாயாற்றில் படகுகள் எரிந்தன. இரவில் சுழியோடி அட்டை பிடிப்பதற்குத் தடை இருக்கிறது. தடையை மீறியவர்களைக் கடற்படை பிடித்தது என்ற செய்தியில் எத்தனை படகு, எத்தனை பேர், எத்தனை அட்டை என்ற கணக்கும் தவறாமல் வரும். அந்த ஆட்கள் கடலடியிலிருந்து எப்படி மேலே வந்தார்கள் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் வராது. எவ்வளவு வேகத்தில் வந்தார்கள், நடுவில் எங்காவது நின்றார்களா, தலை வெளியே தெரிந்தபோது படகு எந்தப் பக்கம் நின்றது? சிலிண்டர் கட்டிச் சுழியோடுபவரின் காலும் உயிரும் போகக்கூடிய நேரம் பெரும்பாலும் இதுதான். இறங்குகையில் தப்பியவர் ஏறுகையில் அகப்படுகிறார். அந்த ஏற்றத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அவருடைய அறிவும் துணிவும் மட்டுமல்ல, கரையில் போடப்படும் கூலிக் கணக்கும்தான் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

முதலில் காற்றின் கணக்கு. கடல்மட்டத்தில் நம் உடல்மேல் ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும், கடற்றொழிலாளர் கணக்கில் ஏறக்குறைய ஐந்தரைப் பாகத்துக்கும், இன்னொரு வளிமண்டலம் சேரும். அமுக்கம் பாதியானால் காற்றின் கனவளவு இரட்டிக்கும் என்ற போயிலின் விதி உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு மனப்பாடம். அதே விதி முப்பது மீற்றர் ஆழத்தில் இருப்பவருக்கு என்ன செய்கிறது? முப்பதிலிருந்து இருபதுக்கு ஏறும்போது அவருடைய நெஞ்சிலுள்ள காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும். இருபதிலிருந்து பத்துக்கு வந்தால் பாதி பெருக்கும். பத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்தாலோ முழுதாக இரட்டிக்கும். ஆழத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நினைப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும்; ஆனால் வெளிச்சம் தெரிந்து, படகின் அடிப்பலகை கண்ணில் பட்டு, வந்துவிட்டோம் என்று மனம் ஆறுகிற அந்தக் கடைசிப் பத்து மீற்றரில்தான் காற்று மிக வேகமாகப் பெருக்கிறது. சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருபவரின் நுரையீரல் அந்தப் பெருக்கத்தைத் தாங்காது, கிழியும். கிழிந்த இடத்தால் காற்று குருதிக்குள் புகுந்து மூளைக்கு ஏறினால், படகில் கையை வைத்த சில நிமிடங்களுக்குள் ஆள் நினைவிழந்து சரிவார். இதற்குப் பெரிய ஆழமும் வேண்டாம். நான்கடி ஆழத்திலிருந்து மூச்சை அடக்கி எழும்பியவருக்கே இது நேர்ந்திருக்கிறது. ஆகவே சிலிண்டரில் மூச்சு விடுபவருக்கு முதல் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பதுதான். வாய்க்குழாய் தவறிப்போனால்கூடச் சிறு குமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வேலை செய்வது. நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். நிலத்தில் அது உள்ளே வந்து சும்மா வெளியே போகிறது. ஆழத்தில் அமுக்கம் கூடுவதால் அது குருதியிலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் கரைந்து தங்குகிறது. தங்கியதைத் திரும்ப வெளியே விட உடலுக்கு நேரம் வேண்டும். சோடாப் போத்தலின் மூடியை மெல்லத் திருகினால் வாயு சீறிக்கொண்டு அடங்கும். சட்டென்று திறந்தால் நுரை பொங்கிக் கையெல்லாம் வழியும். வேகமாக மேலே வருபவரின் உடலும் திறந்த சோடாப் போத்தல்தான். நுரை பொங்குவது குருதிக்குள் என்பது மட்டுமே வேற்றுமை. தோள்மூட்டில் பொங்கினால் நோவு, முள்ளந்தண்டில் பொங்கினால் கால் விளங்காமல் போகும். இதை முதலில் கண்டவர்கள் சுழியோடிகள் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரங்கங்களுக்கும் பால அத்திவாரங்களுக்கும் ஆற்றடியில் அமுக்கக் காற்று அடைத்த அறைகளுக்குள் தோண்டிய தொழிலாளரே முதலில் அனுபவித்தார்கள். நியூயோர்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியியலாளர் வொஷிங்டன் ரோப்ளிங் 1872 இல் இந்த நோயால் விழுந்தவர், மிச்சப் பாலத்தை அறை யன்னலிலிருந்துதான் பார்த்தார். பிரித்தானியக் கடற்படைக்காக ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் ஆடுகளை அமுக்க அறையில் அடைத்துப் பரிசோதித்தார். வேகமாக வெளியே விடப்பட்ட ஆடுகள் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டின. படிப்படியாக நிறுத்தி நிறுத்தி மேலே வரும் முறையை அவரும் தோழர்களும் 1908 இல் அட்டவணையாக வெளியிட்டார்கள். இன்று சுழியோடிகள் கையில் கட்டும் சிறு கணினிக்குள்ளும் அடிப்படையில் அந்த ஆடுகளின் கணக்குத்தான் ஓடுகிறது.

இனி, நம் கரைக்குப் பொருந்தும் கணக்கு. வழக்கத்தில் உள்ள அலுமினியச் சிலிண்டர் ஒன்றில், நிரப்பியதும், ஏறத்தாழ 2200 லீற்றர் காற்று இருக்கும். ஆறுதலாக மூச்சு விடும் ஒருவர் நிலத்தில் நிமிடத்துக்கு இருபது லீற்றர் இழுப்பார் என்று வைத்தால், 18 மீற்றர் ஆழத்தில், அதாவது பத்துப் பாகத்தில், அமுக்கம் 2.8 மடங்காதலால் 56 லீற்றர் இழுப்பார். சிலிண்டர் நாற்பது நிமிடத்தில் வற்றும். உல்லாசச் சுழியோடிகளுக்குப் பாடி (PADI) நிறுவனம் வகுத்த அட்டவணையின்படி அந்த ஆழத்தில் முதல் தடவை 56 நிமிடம் வரை இருந்துவிட்டு, நடுவில் கட்டாயமாக நிற்காமலே மேலே வரலாம். ஆக ஒரே ஒரு சிலிண்டரோடு இறங்குபவரைப் பெரும்பாலும் சிலிண்டரே காப்பாற்றிவிடுகிறது. எல்லையைத் தொடும் முன்னர் காற்று முடிந்துவிடுகிறது. சுற்றுலாக்காரர் நாளுக்கு இரண்டு தடவை இறங்கி, இடையில் ஒரு மணித்தியாலம் தேநீர் குடித்து ஆறுகிறார். அட்டை பிடிப்பவர் அப்படி இறங்குவதில்லை. அவருடைய படகில் சிலிண்டர்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்று வற்றியதும் மேலே வந்து, அட்டைப் பையைக் கொடுத்து, அடுத்ததை மாட்டி, உடனே இறங்குகிறார். இரண்டாவது சிலிண்டர் முடியும்போது பத்துப் பாகத்தில் அவர் இருந்த நேரம் எண்பது நிமிடத்தை நெருங்கிவிட்டது. மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 30 மீற்றரிலோ எல்லை இருபதே நிமிடம். அங்கே ஒரு சிலிண்டரே அதைத் தாண்டப் போதும். முதல் சிலிண்டர் தந்த காவலை இரண்டாவது சிலிண்டர் பறித்துவிடுகிறது என்ற எளிய உண்மையைப் படகில் யாராவது அவருக்குச் சொன்னார்களா?

இதற்கு வரும் முதல் மறுப்பு எல்லாரும் அறிந்தது. சிலாபத்துறையிலும் அரிப்பிலும் நம் முன்னோர் நூற்றாண்டுக் கணக்காக முத்துக்குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்கி, கயிற்றில் இழுபட்டு மின்னல் வேகத்தில் மேலே வந்தார்கள். அவர்களுக்கு எந்த அட்டவணை இருந்தது என்பார்கள். முன்னோர் வேகமாக வந்ததும் உண்மை, தப்பியதும் உண்மை. ஆனால் அவர்கள் கொண்டுபோனது நிலத்துக் காற்று. மேலே இழுத்த ஆறு லீற்றர் ஆழத்தில் சுருங்கி, திரும்பும்போது அதே ஆறு லீற்றராக விரியும். நுரையீரல் கிழிய வழியில்லை. ஓரிரு நிமிடத்துக்குள் கரையக்கூடிய நைதரசனும் சொற்பம். சிலிண்டர் கட்டியவர் ஆழத்திலேயே, ஆழத்து அமுக்கத்தில், நெஞ்சை நிரப்புகிறார். இரண்டும் வேறு வேறு தொழில். மூச்சடக்கி இறங்குவதும் எல்லையற்ற காவல் அல்ல. பசிபிக்கில் துவாமோத்து தீவுகளின் முத்துக்குளிப்போர் ஆழமான இறக்கங்களை இடைவெளியில்லாமல் அடுக்கியபோது தலைசுற்றலும் வாதமும் கண்டார்கள். அதற்கு அவர்கள் மொழியில் தரவானா என்று ஒரு பெயரே இருக்கிறது. முத்துக்குளிப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. கடலுக்குள் போகிறவரின் கயிற்றை மேலே அவருடைய மைத்துனன்தான் பிடிப்பான் என்று தமிழ்க் கரைகளில் ஒரு பேச்சு உண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குவதால் அவன் கண் அங்கும் இங்கும் போகாதாம். இது எவ்வளவு தூரம் நடைமுறை, எவ்வளவு தூரம் கதை என்று ஆராய வேண்டியதில்லை. கீழே இருப்பவரின் உயிருக்கு மேலே இருப்பவர் பொறுப்பாளி என்ற ஏற்பாடு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. சிலிண்டர் வந்ததும் கயிறு போய்விட்டது. கயிற்றோடு பொறுப்பும் போனதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது: பத்து வருடமாக இப்படித்தான் வருகிறோம், ஒன்றும் ஆகவில்லை. இந்த வாதத்துக்கு ஒரு குறை உண்டு. ஆகியவர்கள் அதைச் சொல்ல இறங்குதுறைக்கு வருவதில்லை; அவர்கள் வீட்டில் கிடக்கிறார்கள். இந்த நோயின் குணமும் அப்படிப்பட்டது. ஒரே ஆழம், ஒரே நேரம், ஒரே ஆள். ஒன்பது நாள் ஒன்றும் செய்யாது, பத்தாம் நாள் விழுத்தும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடந்த நாளா, நித்திரை குறைந்த நாளா, ஆழத்தில் அதிகம் உழைத்த நாளா, வயது எத்தனை என்று பலதும் சேர்ந்துதான் குமிழி பிறக்கிறது. ஒன்பது நாள் தப்பியதைத் திறமை என்று எடுத்துக்கொண்டவர் பத்தாம் நாளுக்கு ஆயத்தமாக இருக்கமாட்டார்.

கனமான மறுப்பு கூலியைப் பற்றியது. மெல்ல வந்தால் நேரம் போகும், காற்று போகும், அட்டை குறையும். பிடித்த அட்டைக்குத்தானே காசு. இதைப் புறங்கையால் தள்ளக் கூடாது. கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை முன்னர் நிமிடத்துக்கு 18 மீற்றர் வேகத்தில் ஏறலாம் என்றது. 1993 இல் அதைப் பாதியாக்கி 9 மீற்றர் என்றது. பத்துப் பாகத்திலிருந்து அந்த வேகத்தில் வர இரண்டு நிமிடம். வழியில் ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். செலவாகும் காற்று 170 லீற்றருக்கு மேல் போகாது. சிலிண்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சிலிண்டருக்குச் சில அட்டைகள் குறையலாம். ஒரு ஆள் வாழ்நாள் முழுதும் சக்கர நாற்காலியில் இருப்பதன் விலையோடு அதை ஒப்பிட வேண்டுமானால் ஒப்பிடலாம். ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டியவர் சுழியோடி அல்லர். அவருக்கு இன்றைய அடுப்புத்தான் தெரியும். ஒரு துண்டு அட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் சம்மாட்டியும் அதை வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் முதலாளியும் அந்த ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துக் கூலி பேசினால், மெல்ல வருவது அவருக்கு நட்டமாகாது. கருவி விலை என்ற சாட்டும் முழுதாக நிற்காது. கைக்கணினி வாங்க முடியாத படகில் ஒரு கயிறு இருக்கிறது. நுனியில் பாரம் கட்டி இறக்கி, மேற்பரப்பிலிருந்து ஐந்து மீற்றரில் ஒரு சிவப்புத் துணியை முடிந்துவிட்டால், அதுவே நிற்கும் இடம். நிமிடத்துக்கு 9 மீற்றர் என்பது வினாடிக்கு 15 சென்ரிமீற்றர். ஒரு சாண் ஏற ஒன்றரை வினாடி. கயிற்றைக் கைமாற்றிப் பிடித்துச் சாண் சாணாக அளந்து வரத் தெரியாத கடற்றொழிலாளி யார்? கயிறு எத்தனை நிமிடம் கீழே இருந்தார் என்று சொல்லாது. அதற்கு மேலே ஓர் ஆள் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், சிலிண்டர்களுக்கு இடையில் ஆறும் நேரத்தையும் அவரே பிடித்துவைக்க வேண்டும். திரும்பவும் மைத்துனனுக்கே வருகிறோம்.

மேலே இருக்கும் அந்த ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நைதரசனிடம் தப்பியவர் படகு இயந்திரத்தின் காற்றாடியிடம் அகப்படலாம். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் கூடிய வேகத்தில் ஓடுகிறது. அதனால் கீழே இருப்பவருக்கு இயந்திரச் சத்தம் நன்றாகக் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து விழுவது போல இருக்கும். ஐந்து மீற்றரில் நிற்கும் மூன்று நிமிடம் இதற்கும் உதவும். சத்தம் கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்று காது கொடுக்கலாம், அண்ணாந்து சுற்றிப் பார்க்கலாம், பிறகு ஒரு கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஏறலாம். ஆனால் கையை நீட்டிய தலை அலைக்குள் ஒரு தேங்காய் அளவுகூடத் தெரியாது. நம் படகுகளில் ஓட்டி சுழியோடியின் குமிழியைப் பார்த்துப் பின்தொடர்வதையே காவல் என்று நம்புகிறார்கள். சோளகம் சற்றுக் கிளம்பி வெள்ளைநுரை அடிக்கத் தொடங்கினால் எந்த நுரை ஆளுடையது, எந்த நுரை கடலுடையது? ஒரே படகிலிருந்து மூன்று பேர் மூன்று பக்கம் போனால் ஓட்டி எந்தக் குமிழிக்குப் பின்னால் போவார்? செம்மஞ்சள் பூசிய ஒரு பிளாஸ்டிக் கானை மெல்லிய கயிற்றில் கட்டி ஒவ்வொருவரும் இழுத்துக்கொண்டு போனால், அவர் எங்கே என்று அவருடைய ஓட்டிக்கும் தெரியும், வலை இழுத்துக்கொண்டு வரும் பக்கத்துப் படகுக்கும் தெரியும். சர்வதேசக் கடல் விதிகளின்படி சுழியோடிகளை இறக்கிய சிறு படகு வெள்ளையும் நீலமுமான ‘ஏ’ கொடியின், ஒரு மீற்றருக்குக் குறையாத உயரமுள்ள விறைத்த வடிவத்தை எல்லாப் பக்கமும் தெரியும்படி காட்ட வேண்டும். கொடியின் பொருள் தெரியாத ஓட்டிக்கு அது வெறும் துணி. ஆகவே கொடியைக் கட்டச் சொல்வதோடு நில்லாமல் கரைவலைக்காரருக்கும் வலைப்படகுக்காரருக்கும் அதன் பொருளைச் சொல்லவும் வேண்டும். ஆள் படகில் ஏறி முடியும் வரை இயந்திரம் ஓடக் கூடாது. இரவில் இவை ஒன்றுமே நடவாது. களவாக இறங்கிய படகு தன்னை மறைக்கப் பார்க்குமே தவிர, கீழே ஆள் இருக்கிறார் என்று வெளிச்சம் காட்டாது; தூரத்தில் கடற்படைப் படகின் ஒளி தெரிந்தால் கீழே இருப்பவர் சாண் சாணாக வருவார் என்றும் எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் முழுதாகத் தடை செய்துவிட்டால் தொல்லை முடிந்ததே என்று சிலர் கேட்கலாம். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் அதைச் செய்து பார்த்தார்கள். 2001 முதல் இந்தியாவில் கடலட்டை பிடிப்பது வனசீவராசிகள் சட்டத்தின் கீழ் முற்றாகத் தடை. அட்டை பிடிப்பும் கடத்தலும் நின்றுவிடவில்லை, இருட்டுக்குள் போயின. அட்டையின் இருப்பைக் காக்கத் தடைக்குச் சார்பாக வலுவான காரணங்கள் இருக்கலாம், அது வேறு வழக்கு. ஆனால் சுழியோடியின் காலைக் காக்கத் தடையை நம்ப முடியாது. மேற்குக் கரையில் கிளிநொச்சியின் கௌதாரிமுனையிலும் கிராஞ்சியிலும் கடலட்டைப் பண்ணைகள் வந்திருப்பதைக் காட்டி, இனிச் சுழியோடவே தேவையில்லை என்பாரும் உண்டு. பண்ணை யாருடைய கடலில் யாருடைய வலையை அகற்றிவிட்டு வருகிறது என்ற சண்டை அங்கே தனியாக நடக்கிறது. அந்தக் கடல் ஆழமற்றது, நைதரசன் பயமும் குறைவு. நான்கடிக் கணக்கு மட்டும் அங்கேயும் செல்லும்.

பொறுப்பைச் சுழியோடியின் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதற்கு உலகத்தில் இரண்டு சாட்சிகள். கிரேக்கத்தின் கலிம்னோஸ் தீவில் கடற்பஞ்சு எடுத்தவர்கள் 1860 களில் உலோகத் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் வந்ததும் ஆழத்தில் நெடுநேரம் இருக்கத் தொடங்கினார்கள். ஊரில் வாதம் பிடித்த இளைஞர்கள் பெருகினார்கள். கோலூன்றிய சுழியோடியின் நடுங்கும் கால்களை ஆடிக் காட்டும் நடனம் ஒன்று இன்றும் அத்தீவில் உண்டு. ஒரு தொழில் தன் ஊனத்தை நடனமாக்கி வைத்திருக்கிறது. வியாபாரிகளுக்கு எந்த நடனமும் இல்லை. மற்றது ஹொண்டூராஸ். அங்கே மிஸ்கித்தோ பழங்குடி இளைஞர் சிங்க இறாலுக்காக, எண்ணிக்கைக் கூலிக்கு, நாளுக்குப் பல சிலிண்டர் கணக்கில் இறங்கினார்கள். பலர் நடக்க முடியாமல் போனார்கள், பலர் இறந்தார்கள். 42 பேர் தொடர்பான வழக்கு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அரசு தன் பொறுப்பை ஏற்றுச் செய்த உடன்பாட்டை உறுதிப்படுத்தி 2021 ஓகஸ்ட் 31 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை வாங்கும் கம்பனிகளை மேற்பார்க்க வேண்டியது அரசின் கடமை என்பதே அதன் சாரம். சிங்க இறாலுக்குப் பதில் கடலட்டை என்று எழுதினால் மிச்சம் எல்லாம் நமக்குத் தெரிந்த கதைதான்.

நம்மிடம் அதற்கான கொக்கி ஏற்கெனவே இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் சங்குக்கும் அட்டைக்கும் சுழியோடுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரத்தில் நிபந்தனை போடும் அதிகாரம் இருக்கும்போது, படகில் ஏற்றக் கயிறும் கொடியும் ஆளுக்கொரு மிதவையும் முகமூடியோடு ஒரு ஒட்சிசன் சிலிண்டரும் இருக்க வேண்டும் என்றும், இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும் என்றும் அதே பத்திரத்தில் எழுதுவது பெரிய காரியமல்ல. வெளியூர்ச் சுழியோடிக்கு நாம் ஏன் இதெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடற்றொழிலாளர் சமாசக் கூட்டத்தில் யாராவது கேட்பார். அவர் இங்கே இறங்கலாமா கூடாதா என்பதில் நமக்கு வழக்கு இருக்கலாம். கால் விளங்காமல் கிடப்பவர் எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டுத் தூக்குவது நம் கரையின் வழக்கமல்ல. தவிர, நம் ஊர்ப் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். முல்லைத்தீவிலேயே சிகிச்சைக்கு ஓர் அமுக்க அறை வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தால் அது நியாயமானதே. ஆனால் அறையைக் கட்டினால் போதாது, அதை இயக்கத் தெரிந்தவர் இரவும் பகலும் இருக்க வேண்டும். ஒட்சிசன் சிலிண்டருக்கு அவ்வளவு செலவில்லை. முதல் மணித்தியாலத்தில் சுத்த ஒட்சிசன் கிடைத்தால் குமிழியிலுள்ள நைதரசன் வெளியேற அது உதவும். அறைக்குப் போகும் வழியில் அதுவே பெரிய மருந்து. திருகோணமலையில் கடற்படையிடம் அமுக்க அறை இருக்கிறது. அங்கே நோயாளியை 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தில் ஒட்சிசனோடு வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். வழக்கமான ஒரு சிகிச்சைக்கு ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கரையில் இழந்த நேரத்தை எந்த அறையும் முழுதாகத் திருப்பித் தராது.

நேரம் இழக்கப்படுவது பெரும்பாலும் வாடியிலும் வீட்டிலும். தோள் நோகிறது என்றால் களைப்பு என்பார்கள், வாயு என்பார்கள், எண்ணெய் பூசி உருவுவார்கள். கால் விறைக்கிறது என்றால் படுத்து எழும்பினால் சரி என்பார்கள். திரும்பக் கீழே இறங்கினால் நோவு விடும் என்று இறங்குபவர்களும் உண்டு. விடும், உண்மைதான், அமுக்கம் கூடும்போது குமிழி சுருங்கும். ஆனால் கீழே இன்னும் நைதரசனை ஏற்றிக்கொண்டு, முன்னதைவிட மோசமான நிலையில், திரும்பவும் மேலே வந்தாக வேண்டும். சுழியோடிவிட்டு வந்தவருக்கு அன்றோ அடுத்த நாளோ மூட்டு நோவு, தோலில் புள்ளி அல்லது கடி, காலில் விறைப்பு, தலைசுற்றல், சிறுநீர் போகாமை, இதில் எது கண்டாலும் அவரை மட்டமாகப் படுக்க வையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுங்கள், சாராயம் கொடுக்காதீர்கள். ஒட்சிசன் இருந்தால் முகமூடியைப் போடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். மாஞ்சோலை வைத்தியசாலையானாலும் கிளிநொச்சியானாலும் வவுனியாவானாலும், கொண்டுபோனதும் வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது இதுதான்: இவர் சிலிண்டர் கட்டிச் சுழியோடியவர், இத்தனை பாகம், இத்தனை சிலிண்டர், இத்தனை மணிக்கு மேலே வந்தார். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறங்கியவரானாலும் இதை மறைக்காதீர்கள்.